முறையை நிறுத்தினால் கடன் அடையுமா

1

வெள்ளிக்கிழமைச் சந்தையில் எனக்குப் போன் வந்தால் எலேனிக்கு ஆகாது. எலேனி என் முதலாளியம்மா. அவளும் அவள் புருஷன் யானிஸும் ஏதென்ஸுக்கு வெளியே காய்கறி விளைவிக்கிறார்கள். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தெருவில் சந்தை கூடும். அங்கே அவர்கள் போடும் கடையில் தக்காளி நிறுத்துக் கொடுப்பது என் வேலை. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளிக் காட்டில் பிறந்தவள், பிளேன் ஏறி வந்தும் தக்காளியை விடவில்லையே என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார். அவர் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணமான கையோடு அவர் பின்னால் வந்தவள் நான்.

போனில் என் தம்பி மாதப்பன். சாதாரணமாக அவன் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான். கூட்டம் நேரத்தில் வேறு யாராவது அழைத்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

“அக்கா, கெணத்துக் கூட்டுல இருந்து வெளிய வந்துரலாம்னு இருக்கறேன். உங்க நாடு அப்ப யூரோவ வுட்டுப் போறேன்னு சொல்லிட்டு, அப்பறம் போவாம உக்காந்துட்டாங்களே, அது நல்லதாச்சா கெட்டதாச்சா? நேர்ல பாத்தவ நீதான, சொல்லு” என்றான்.

மாதப்பன் பி.ஏ. பொருளாதாரம். அந்தப் படிப்பு அவன் தக்காளிக்கு ஒன்றும் செய்யவில்லை, வாய்க்கு நன்றாகச் செய்திருக்கிறது. “சாயங்காலம் பேசறேன்டா” என்று வைத்துவிட்டேன். எலேனி என்னவென்று கேட்டாள். யூரோவை விட்டுப் போயிருக்க வேண்டுமா என்று என் தம்பி இந்தியாவிலிருந்து கேட்கிறான் என்றேன். அவள் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். “சொல்லிவிடு, போயிருக்க வேண்டும்” என்றாள். பின்னாலிருந்து யானிஸ், “சொல்லாதே” என்றார். பத்து வருஷம் ஓடிவிட்டது, இன்னும் இதேதான்.

2

கிணற்றுச் சங்கதியைச் சொல்லாமல் இது புரியாது. எங்கள் தாத்தா வெட்டியது. அவருடைய நான்கு பிள்ளைகளுக்கும் அதில் நான்கு பங்கு. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, இலவச மின்சார சர்வீஸும் ஒன்றே. அந்த சர்வீஸ் இப்போது பெரியப்பா மகன் சிவலிங்கண்ணன் பேரில் இருக்கிறது. சுவிட்சுப் பெட்டியின் சாவியும் அவர் வீட்டில்தான். பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு ஒருவர் காடு, நாளைக்கு இன்னொருவர் காடு.

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதி உண்டு. மோட்டார் காயில் எரிந்து போனால் அதைக் கட்டுகிற செலவை நான்கு பேரும் போட வேண்டும். போடாதவனுக்கு, போடும்வரை முறை கிடையாது. அப்பா காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. சில்லறைச் செலவு, பால் பணத்தில் கொடுத்துவிடுவார்கள். அதிகம் போனால் ஒரு முறை தவறும், அவ்வளவுதான்.

போன கோடையில் தண்ணீர் அடியோடு இறங்கிவிட்டது. கிணற்றை ஆழப்படுத்தி உள்ளே பக்கவாட்டில் துளைத்து சைடு போர் போட்டார்கள். சிவலிங்கண்ணன் மனைவி நகையை அடகு வைத்துத் தன் கைக்காசு முழுவதையும் முதலில் இறக்கினார், அவரைக் குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டு பங்காளிகளும் அறுவடை ஆனதும் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். மாதப்பன் தக்காளியை நம்பியிருந்தான். பாலக்கோடு மார்க்கெட்டில் அந்த வாரம் விலை விழுந்த வேகத்தில், வண்டி வாடகைக்கே கட்டவில்லை என்று பெட்டிகளை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தான். பணம் கொடுக்கவில்லை. விதிப்படி முறையை நிறுத்தினார்கள்.

காயில் செலவுக்குப் போட்ட விதியைக் கிணறு வெட்டின செலவுக்கும் அப்படியே மாட்டினார்கள், அங்கேதான் கோளாறு. தண்ணீர் இல்லாமல் அடுத்த நடவும் காய்ந்தது. செடி காய்ந்தவன் எதை விற்றுக் கடன் கட்டுவான்? கடன் கட்டாதவனுக்கு எப்படித் தண்ணீர் விடுவது? இரண்டு கேள்வியும் நியாயம்தான். அவற்றுக்கு நடுவில் மாதப்பனுடைய காடு மாதக்கணக்கில் கட்டாந்தரையாகக் கிடந்தது.

3

இந்த நாட்டுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. பேப்பரில் நீங்கள் படித்திருப்பீர்கள், நான் கடையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நாட்டுக்குத் தலைக்கு மேல் கடன், கொடுத்தவர்கள் மேற்கொண்டு பணம் விட மறுத்தார்கள், ஒரு திங்கட்கிழமை காலையில் பாங்குகள் திறக்கவில்லை. ஏ.டி.எம்மில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது யூரோவுக்கு மேல் வராது. வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருவார். ஐம்பது யூரோ நோட்டை நீட்டி, ஒரே ஒரு வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு, சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினார். ஏ.டி.எம்மில் இருபது யூரோ நோட்டு தீர்ந்துவிட்டது, அதனால் ஐம்பதுதான் வருகிறது என்றார். அந்தக் கோடையில் அறுபது என்றால் பாதி நாள் ஐம்பதுதான்.

எங்கள் வீட்டில் நான் பயந்தேன். பாங்கில் சேர்த்து வைத்திருந்தது பெரிய தொகை ஒன்றுமில்லை, என் மகள் படிப்புக்கு என்று போட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய காசான டிராக்மாவுக்கு மாறிவிட்டால், காலையில் அதே எண்ணிக்கை இருக்கும், மதிப்பு பாதி இருக்காது. என் வீட்டுக்காரர் தினமும் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டு வந்தார். அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தோம். எங்கள் பகுதியில் எல்லாருக்கும் அப்படி ஒரு டப்பா இருந்தது.

அதே மாதத்தில் எங்கள் வசிப்பு அனுமதியையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, அச்சடிக்கப் பேப்பர் இல்லை, நீங்களே வாங்கி வாருங்கள் என்றாள். வந்த புதிதில் கிரேக்க மொழியில் அதிகாரிகளை நான் நீ, வா, போ என்றே பேசினேன். இங்கேயும் நம் ‘ங்க’ மாதிரி மரியாதை உண்டு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு என் மரியாதை எல்லாவற்றையும் கொட்டிக் கேட்டும் பேப்பர் வரவில்லை. எதிர்க்கடையில் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தோம். மீதியை எங்களிடம் திருப்பித் தரவில்லை, அதுவும் போகட்டும்.

எலேனி வெளியே போக வேண்டும் என்ற கட்சி. காசு நம்முடையதாக இருந்தால் மதிப்பைக் குறைக்கலாம், வெளியூர்க்காரனுக்கு நம் தக்காளி மலிவாகும், சுற்றுலாக்காரர்கள் கூடுதலாக வருவார்கள், கொஞ்சம் கொஞ்சமாக எழுந்துகொள்ளலாம் என்பாள். யானிஸ் உள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்சி. டீசல் வெளியிலிருந்து வருகிறது, உரம் வெளியிலிருந்து வருகிறது, என் பிரஷர் மாத்திரை வெளியிலிருந்து வருகிறது, இதையெல்லாம் உன் டிராக்மாவுக்கு எவன் தருவான் என்பார். ஒரே தராசுக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேரும் வாரக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. விலையை மட்டும் என் மூலமாகக் கேட்டுக்கொள்வார்கள்.

கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனையை ஏற்கலாமா என்று ஊரைக் கேட்டு ஓட்டெடுப்பு வைத்தார்கள். எனக்கு ஓட்டு இல்லை. நான் வெறுமனே வேடிக்கை பார்த்தவள். வேண்டாம் என்ற பக்கம் ஜெயித்தது, எலேனி தெருவில் ஆடினாள். கொஞ்ச நாளிலேயே அரசாங்கம் அதைவிடக் கடுமையான நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டது. யானிஸ் ஆடவில்லை. நீங்கள் ஜெயித்துவிட்டீர்களே என்று நான் கேட்டதற்கு, பென்ஷனைக் குறைத்துவிட்டார்கள், இதில் என்ன ஜெயிப்பு என்றார்.

யூரோவிலேயே தங்கினதால் என்ன ஆயிற்று என்றால், நாடு உடையவில்லை, பாங்குகள் திறந்தன, எங்கள் டப்பாவும் பழையபடி அரிசிக்கு மட்டும் ஆயிற்று. ஆனால் பிள்ளைகள் வேலை தேடி வெளிநாடு போய்விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் படித்த பிள்ளை ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. யூரோவை விட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், எந்த நாடும் போகவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் மட்டும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

4

சாயங்காலம் இதைத்தான் மாதப்பனிடம் சொன்னேன். அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரே வார்த்தையில் போ என்றோ இரு என்றோ அக்கா சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறான். நான் திருப்பிக் கேட்டேன். வெளியே வந்தால் உனக்குத் தண்ணீர் ஏது? சொந்தமாகப் போர் போடுவேன் என்றான். நம் பக்கம் போர் போட்டுப் புழுதி மட்டும் வந்த வீடுகளை அவனுக்கே தெரியும். தண்ணீர் வந்தாலும் புது சர்வீஸுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை டீசல் இன்ஜின், அதற்கு இன்னொரு கடன். ஒரு தடவை எழுதிக்கொடுத்து வெளியே வந்தவனைக் கூட்டில் மறுபடி சேர்க்க மாட்டார்கள்.

“எல்லாந் தெரியும்க்கா. காலைல எந்திரிச்சு அந்தாளு மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறதுக்கு, காஞ்சே கெடக்கலாம்” என்றான்.

எலேனி அன்றைக்கு ஆடியதும் இதற்காகத்தான். டிராக்மா மேல் அவளுக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது.

சரி, உன் பங்குப் பணத்தை நான் அனுப்புகிறேன் என்றேன். அதோடு பேச்சு கெட்டது. எங்கள் பக்கம் சீர் என்பது அண்ணன் தம்பியிடமிருந்து அக்கா தங்கைக்குப் போவது. எதிர்ப்பக்கம் வந்தால் ஊர் சிரிக்கும். ஆடிக்குப் புடவை எடுத்துத் தர வக்கில்லாதவன், அக்காளிடம் கை நீட்டினான் என்பார்கள். “அதுக்கு நான் காட்டையே வித்துடறேன்” என்று வைத்துவிட்டான். அவன் கோபத்தில் பொய் சொல்கிறவன் இல்லை. தண்ணீர் இல்லாத காட்டை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்துக் காட்டுக்காரர் சிவலிங்கண்ணன்தான்.

அன்று இரவு என் மகள் நித்யாவிடம் போனில் சொன்னேன். அவள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள், இங்கிருந்து கிளம்பிப்போன பிள்ளைகளில் ஒருத்தி. இந்த நாட்டுக்குக் கடன் கொடுத்த ஊரிலேயே போய்ச் சம்பளம் வாங்குகிறாய் என்று சொன்னால் சிரிப்பாள். காசு மாற்றாமலே போய் இறங்க முடிந்தது, அதுவும் யூரோ செய்த வேலைதான். என்னோடு பாதி கிரேக்கம், பாதி ஆங்கிலம், நடுவில் சோற்றில் கல் தட்டுவது போல் கொஞ்சம் தமிழ் பேசுவாள். வருஷத்துக்கு வருஷம் அந்தத் தமிழ் குறைகிறது. எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பங்கு என்ற சொல் அவளுக்குத் தெரியாது.

“அம்மா, தாத்தா கிணறுல உன் துண்டு எங்கே?”

எனக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். ஏன் என்றாள். பெண் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்றேன். சட்டம் அப்படியா சொல்கிறது என்றாள். சட்டம் சமபங்கு என்கிறது, ஆனால் கேட்பதில்லை என்றேன். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாயா என்றாள். யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. அப்பா காரியத்தன்று புடவை வைத்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு பிளேன் ஏறிவிட்டேன். எங்கள் பக்கம் பங்கு கேட்காத பெண்ணுக்குத்தான் பிறந்த வீட்டில் இலை போடுவார்கள். கேட்டவள் அந்தத் தெருவில் அப்புறம் நடக்க முடியாது. இதை நித்யாவுக்குப் புரியவைக்க எனக்குக் கிரேக்கமும் போதவில்லை, தமிழும் போதவில்லை. “அப்போ உன் துண்டு அங்கேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் தூங்கவில்லை.

5

மறுநாள் கடையை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்று சிவலிங்கண்ணனைக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தார், அங்கே குளிர் எப்படி என்றார். இங்கே கோடை என்றேன். பிறகு சொன்னேன்.

“அண்ணா, எங்கப்பா பங்குல எனக்குப் பாதி. மாதப்பன் மொறைய நிறுத்தினீங்க, சரி. எங்கிட்ட யாரும் பணம் கேக்கல, நானும் இல்லன்னு சொல்லல. என் பாதிக்கு உண்டான செலவ இன்னிக்கே அனுப்பறேன். என் மொறைக்கு மோட்டாரப் போடுங்க.”

அவர் முதலில் சிரித்தார். தம்பி சொல்லிக்கொடுத்தானா என்றார். அவனுக்கு இது தெரியாது, தெரிந்தால் என்னைத்தான் முதலில் திட்டுவான் என்றேன். நீ கேட்கிற பாதி அவன் பங்கிலிருந்து போகும், என் பங்கிலிருந்து போகாது, அதைப் புரிந்துகொண்டுதான் கேட்கிறாயா என்றார். புரிகிறது என்றேன்.

சிவலிங்கண்ணனுக்குத் தங்கைகள் மூன்று பேர். ஒருத்தி பாலக்கோட்டில், ஒருத்தி அரூரில், ஒருத்தி ஓசூரில். மூன்று பேரும் ஆடிக்கு வந்து புடவை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். மூன்று பேரிடமும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

“ஏம்மா செல்வி, நீ கேட்ட சேதி என் தங்கச்சிங்க காதுக்குப் போனா என்னாவும்னு நெனச்சுப் பாத்தியா?” என்றார்.

நினைத்துப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். கடன் கொடுத்த நாடுகள் ஆரம்பத்தில் இந்த நாட்டைப் பார்த்து மிரண்டதும் இதற்குத்தான். ஒன்று போனால் அடுத்தது கேட்கும், அதற்கடுத்தது கேட்கும் என்று பயந்தார்கள். ஆனால் ஓட்டெடுப்பு வந்த கோடைக்குள் அவர்கள் ஆபத்துக்கென்று பணம் ஒதுக்கி மற்ற நாடுகளைச் சுற்றி வேலி போட்டு முடித்திருந்தார்கள், அதனால் இந்த நாட்டின் மிரட்டல் எடுபடவில்லை. சிவலிங்கண்ணனுக்கு வேலி போட நேரம் இல்லை.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். மாதப்பன் தன் முறையைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். பாக்கியை அடுத்த இரண்டு அறுப்பில் கொடுக்கட்டும். என் பணம் வேண்டாம். பங்கு என்ற பேச்சை மட்டும் நான் இத்தோடு விட்டுவிட வேண்டும். சரி என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோட்டாரைப் போடுங்கள் அண்ணா என்று மட்டும் சொன்னேன்.

பிறந்த வீட்டில் பங்கு கேட்டவள் ஆகிவிட்டேன். என்ன காரணத்துக்காகக் கேட்டாய் என்று ஊரில் ஒருத்தரும் விசாரிக்கப் போவதில்லை. கடைக்குத் திரும்பி ஒரு பாட்டிக்கு இரண்டு கிலோ கேட்ட இடத்தில் மூன்று கிலோ போட்டுவிட்டேன். எலேனி என்னைப் பார்த்தாள், வையவில்லை.

6

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே கூட்டம் நேரத்தில் மாதப்பன் கூப்பிட்டான். எலேனியே, எடு என்று தலையாட்டினாள். தண்ணீர் வந்துவிட்டது என்றான். பாத்தி கட்டியாகிவிட்டது, இந்தத் தடவை தக்காளியோடு கொஞ்சம் அவரைக்காயும் போடுவதாகச் சொன்னான். கூட்டை விட்டு வெளியே வருகிற பேச்சையும் காட்டை விற்கிற பேச்சையும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சிவலிங்கண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார். என்ன இருந்தாலும் அவனிடம் சொல்லாமல் இருப்பாரா. மாதப்பன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் விதை விலையைப் பற்றிப் பேசினான். பிறகு கேட்டான்.

“நீ நெஜமாவே பங்கு கேட்டியாக்கா, இல்ல அந்தாள மெரட்டறதுக்குச் சும்மா சொன்னியா?”

இந்த நாட்டு மந்திரிகளையும் இதே கேள்வியைத்தான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிஜமாகவே போக நினைத்தீர்களா, சும்மா சொன்னீர்களா? அவர்கள் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். சும்மாதான்டா என்று சொன்னால் என் தம்பியோடு பழையபடி ஆகிவிடும், வருகிற ஆடிக்குப் புடவையும் வரும். வாய் வரைக்கும் வந்தது.

“கேக்கற வரைக்கும் சும்மாதான்டா. கேட்டதுக்கு அப்பறம் நெஜமாயிருச்சு” என்றேன்.

எலேனி ஒரு கூடை தக்காளியை என் முன்னால் கொட்டிவிட்டுப் போனாள். நான் அழுகினதைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டே காதில் போனை வைத்திருந்தேன். வைத்துவிடப் போகிறான், இதுதான் கடைசி என்று நினைத்தேன்.

“எந்தப் பக்கம் வேணும் உனக்கு?” என்றான்.

இத்தனை வருஷத்தில் அந்தக் காட்டில் எனக்கென்று ஒரு பக்கம் இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பதில் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

“கெணத்துப் பக்கம்” என்றேன்.